கியர் நழுவினால் குற்றம் ஓட்டுபவருடையதா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் சொந்த உபயோகத்துக்காகப் புது கார் வாங்கினேன். மேனுவல் கியர். கொஞ்ச நாளாக மூன்றாவது கியர் ஓட்டத்திலேயே தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ‘கர்ர்’ என்று சத்தம் வேறு. மூன்று முறை சர்வீஸ் சென்டரில் விட்டேன். கடைசியில், “கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறீர்கள். பிளேட் கருகிவிட்டது, வாரண்டி கிடையாது” என்கிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கு உண்டுதான். வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: பழக்கத்தை மறைக்காமல் எழுதியது நல்லது. என்னிடம் வழக்கோடு வரும் பலரைப் பற்றி இதை எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன்.

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. கிளட்ச் பிளேட் கருகியதற்கு உங்கள் கால் காரணமாக இருக்கலாம். அது தேய்மானப் பொருள். பெரும்பாலான வாரண்டிகள் அதை விலக்கியே எழுதப்படுகின்றன. அதற்காக நான் சண்டை போட மாட்டேன். ஆனால் பிளேட் தேய்ந்தால் இன்ஜின் உறுமும், வேகம் ஏறாது, அவ்வளவுதான். போட்ட கியர் தானாகக் கழன்று வருவது பெரும்பாலும் கியர்பாக்ஸ் சமாச்சாரம்: சின்க்ரோனைசர் பற்கள் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுபவை), செலக்டர் ஃபோர்க் (கியரைத் தள்ளிச் சேர்க்கும் கவை), கியரைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் போன்றவை. சத்தத்துக்கு மட்டும், கிளட்ச் முழுதாக விடுபடாததைக் காரணம் சொல்வார்கள். அந்த வாதத்தை எதிர்பாருங்கள். ஆகவே புகாரில் முதலில் நிற்க வேண்டியது கியர் நழுவுவது. சத்தம் பிறகு வரட்டும்.

இந்த வகை வழக்குகள் பாதி ஜாப் கார்டிலேயே, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் உங்கள் புகாரை எழுதும் தாளிலேயே, தீர்ந்துவிடுகின்றன. உங்கள் மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாயால் சொன்னது “மூன்றாவது கியர் நழுவுகிறது” என்று இருக்கும். அதில் “கியர் ஹார்டு, செக் செய்து சரி” என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே மெலிந்துவிட்டது. இனி விடும்போது உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வீஸ் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்ததும் கார்டில் பதிவாக வேண்டும். வாரண்டி மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம், என்ன பழுது, எதை வைத்து அது ஓட்டுபவர் தவறு என்று முடிவு செய்தார்கள்? வண்டியை எடுக்கும்போது “திருப்தி” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாமல் தீராது என்றால் “ஆட்சேபத்துடன்” என்று எழுதிப் போடுங்கள். வெளி மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டவே வேண்டாம். வாரண்டியும் போகும், சாட்சியமும் போகும்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போதும். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கையைக் காட்டுவார். குறை இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பரிசோதித்தால் மட்டுமே தெரியும் குறை என்றால் பிரிவு 38-இன் கீழ் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்க முடியும். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். அந்த மனுவைப் புகாரோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.

புது கார் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிக்கொண்டு போகாதீர்கள். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைச் சரிசெய்து தருவது அல்லது மாற்றித் தருவதுதான் வாரண்டியின் கடமை என்று சொல்லி, காரையே மாற்றித் தரும் உத்தரவை ஏற்கவில்லை. எனவே கியர்பாக்ஸை மாற்றித் தருவது, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவுத் தொகை ஆகியவற்றை முதன்மையாகக் கேளுங்கள். காரை மாற்றுவது மாற்றுக் கோரிக்கையாக இருக்கட்டும். காலக்கெடு இரண்டு ஆண்டு. “அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்” என்ற வாக்குறுதி அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

இடையில் அந்தக் காரை ஓட்டாமல் இருப்பதே சரி. இறக்கத்தில் கியர் நழுவினால் இன்ஜின் பிடிப்பு போய் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். அதோடு, பழுது தெரிந்தும் ஓட்டி விபத்து நேர்ந்தால், வண்டியைப் பத்திரமாகப் பராமரிக்கும் நிபந்தனையை மீறினீர்கள் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட இடம் கொடுத்ததாகும்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும் அன்று இன்னொரு விஷயம். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டீர்கள், சரி. கியர் குமிழின் மேல் கையை ஊன்றிக்கொண்டே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். செலக்டர் ஃபோர்க் தேய்வதற்கு அந்தக் கையைக் காரணம் சொல்ல முடியும். பக்கத்தில் உட்காருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.