பார்க்கின்சன் நோயால் அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது, பேசுவது புரியவில்லை. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்று. தான் சன்னமான குரலில் பேசுகிறோம் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியாமலேயே இருக்கலாம். எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. அது எங்களுக்குப் புரியவே ஒன்றரை வருஷம் ஆனது.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட். அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர். விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில், வேலையாட்கள் கூடும் இடத்தில், நின்று அவர் பேர் கூப்பிட்டால் கடைசி லயத்து வீட்டுப் பிள்ளையும் எழுந்துகொள்ளும். அந்த மனுஷர் கோப்பிக் கடையில் "கோப்பி ஓ" என்று மூன்று தரம் சொல்லியும் பையன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். அப்பா பேசாமல் அதையே குடித்தார். அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை. "சத்தமாப் பேசுங்கப்பா" என்றால், "ஒங்களுக்குத்தான் காது கேக்கல" என்பார். அதை நம்பி அம்மாவின் காதைச் சோதிக்கக் கிளினிக்குக்குக்கூடப் போனோம்.

மூளையில் டோபமைன் குறைவதால் நடை சுருங்குகிறது, கையெழுத்து பொடியாகிறது. அதேபோல் மூச்சு, குரல்நாண், உதடு எல்லாவற்றின் அசைவும் சிறுத்துப்போகிறது. தன் குரலின் அளவைத் தானே மதிப்பிடுவதும் தவறிவிடுகிறது. சாதாரணமாகப் பேசினாலே கத்துவதுபோல் அவருக்குத் தோன்றும். மாத்திரை நடையைச் சீராக்கும் அளவுக்குக் குரலைச் சீராக்குவதில்லை. அதனால்தான் தனிப் பயிற்சி வேண்டும்.

எல்.எஸ்.வி.டி. லவுட் என்று, உரக்கப் பேசப் பழக்கும் ஒரு குரல் பயிற்சி 1987 முதல் இருக்கிறது. லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயரில் தொடங்கியது. வாரம் 4 நாள், 4 வாரம், தினம் 1 மணி நேரம். அத்தனை தடவை ஈப்போவுக்குப் போய்வர எங்களால் முடியவில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னோம். அவர் சில நாள் நேரில் பார்த்து, மற்ற நாளுக்கு வீட்டுப் பாடம் கொடுத்தார். தொண்டையை இறுக்காமல், மூச்சை நன்றாக இழுத்து, முடிந்தவரை நீளமாக, உரக்க "ஆ..." சொல்ல வேண்டும். பிறகு தினமும் வாயில் வரும் 10 வாக்கியங்களை அதே குரலில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு அந்த வாக்கியங்கள் ஒட்டவில்லை. ஒருநாள் அம்மாதான், "பேர் கூப்பிடுங்களேன்" என்றார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய பெரட்டுப் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒரு பேர், ஒரு மூச்சு. கைப்பேசியில் பதிந்து, முந்தைய வாரம் பேசியதையும் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டினேன். பழையதைக் கேட்டுவிட்டு, "இது நானா?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கும் அவர் வாயில் ஊறிய ஒன்றைப் பிடியுங்கள், தேவாரமோ, பஸ் நிறுத்தங்களின் பேரோ.

பேசும்போது டிவியை அணையுங்கள், எதிரில் உட்காருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், அது அவரை ரொம்ப வருத்தும். முகத்தில் உணர்ச்சி தெரியாததைக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமான பேச்சை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உடனே கவனியுங்கள். சாப்பிடும்போது இருமுகிறாரா? தண்ணீர் குடித்ததும் குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்கிறதா? அப்படியென்றால் விழுங்குவதிலும் சிக்கல் இருக்கலாம், உணவு நுரையீரலுக்குள் போகக்கூடும். அடுத்த அப்பாயின்ட்மெண்டு வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.