எவர்சில்வரு துருப்பிடிக்குமாங்க? கிரைண்டர் மெக்கானிக்கின் பதில்கள்

கோயமுத்தூர்ல கிரைண்டர், கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்குறவன் நான். கேட்டவங்க எல்லாத்துக்கும் ஒட்டுக்காப் பதில் சொல்லிப்போடறேன்.

ஏனுங்ண்ணா, கிரைண்டர் வாங்கி ரெண்டு வருசம் ஆகலை. டிரம்முல அடிக்கல்லைச் சுத்திச் செவப்பாக் கறை. எவர்சில்வருன்னு சொல்லித்தானே குடுத்தாங்க? (பல்லடம்)

எவர்சில்வருதான் அம்மிணி, ஏமாத்தலை. அதுல பத்தரை சதவீதத்துக்குக் குறையாம குரோமியம் இருக்கும். அது காத்துப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போட்டுக்கும். கீறல் விழுந்தாலும் தானா மூடிக்கும். ஆனா கல்லும் டிரம்மும் சேர்ற இடுக்குல காத்துச் சரியாப் போகாது, உப்பு மாவு மட்டும் போய் உக்காந்துக்கும். அங்க தோல் மூடாம அரிக்க ஆரம்பிச்சுடும்.

நீங்க உப்பு எப்பப் போடறீங்க? நான் பாத்த முக்காவாசி ஊட்ல கடைசிச் சுத்துல டிரம்முக்குள்ளயேதான். எங்கூட்லயும் அப்படித்தான்; மாத்தறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. மாவைப் போசியில வழிச்ச பொறவு உப்புப் போட்டுக் கரைங்க. டிரம்மைக் கழுவினா ஈரத்தைத் துணியில ஒத்தி எடுத்து, சித்த நேரம் மூடாம வைங்க. இப்ப இருக்கற கறைக்கு சமையல் சோடாவைக் கொழச்சுத் தடவி, கால் மணி நேரம் கழிச்சு நைலான் நாருல தேய்ங்க. கறை போயும் குண்டூசி குத்துன மாதிரி குழி தெரிஞ்சா, அது ஆறாதுங்க.

சிங்க்கைக் கம்பி நாருல அழுத்தித் தேய்ச்சும் துரு வருதே? (ஈரோடு)

தேய்க்கறதுனாலதான் வருது. இரும்புக் கம்பி நாரு உதுந்து, துகள் சிங்க்குல ஒட்டிக்கும். துருப்பிடிக்கறது அந்தத் துகள், பழி சிங்க்குக்கு.

போர் தண்ணி பட்டுப்பட்டு அடுப்பு மேல வெள்ளைத் திட்டு. பாத்ரூம் ஆசிட் போட்டாப் போயிருமா? (அவிநாசி)

வேண்டாமுங்க! ஆசிட் திட்டோட அந்தத் தோலையும் தின்னுப்போடும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. இது துருவே இல்லை, தண்ணியில இருக்கற சுண்ணாம்பு. சிறுவாணித் தண்ணி வர்ற ஊட்ல இந்த வெசனம் அவ்வளவா இல்லை. வினிகர், இல்லாட்டி எலுமிச்சம்பழச் சாறு நனைச்ச துணியை அஞ்சு நிமிசம் போட்டு வைங்க. அப்புறம் தண்ணி விட்டுத் தொடைச்சு, ஸ்டீலு மேல கோடு ஓடற வாக்குலயே காயத் தொடைங்க.

காந்தம் ஒட்டுனா மட்ட ஸ்டீலுங்களா? (கோபி)

அப்படி இல்லீங்க. 430ங்கற ரகத்துல காந்தம் ஒட்டும், அதுவும் எவர்சில்வருதான். நிக்கல் கம்மியா இருக்கற 202ல ஒட்டாது, ஆனா 304ங்கற ரகம் அளவுக்குத் துருவைத் தாங்காது. காந்தத்தை எடுத்துட்டுக் கடைக்குப் போய்ப் பிரயோசனமில்லை. எந்த ரகம்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்குங்க.

வாசிங் மெசின் டிரம்முல புள்ளி புள்ளியாத் துரு. டிரம்மையே மாத்தணும்ங்கறாங்க. (சோமனூர்)

தறி ஓட்டற ஊடா தம்பி? சட்டைப் பையைத் தடவிப் பாக்காமப் போட்டிருப்பீங்க. ஆணி, நட்டு, ஹேர்பின் ஏதாச்சும் கெடக்கும்; அதோட துருதான் டிரம்முல ஒட்டியிருக்கும். முன்பக்கம் கதவு இருக்கற மெசினா இருந்தா, மொதல்ல அந்த ரப்பர் வளையத்தை வெலக்கிப் பாருங்க.