முன்சக்கரம் ஆடினால் அச்சையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 1974 ஃபோக்ஸ்வேகன் கோம்பி கேம்பர் வேன், சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவு செய்தது. தீவு விரைவுச்சாலையில் 70ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, இடது முன்சக்கரத்தில் உர்ரென்று சத்தம். பட்டறையில் முன் அச்சை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலேயே அச்சை மாற்றச் சொல்வது சரியான வைத்தியம் இல்லை.

முதலில் டயர். கிளாசிக் திட்டத்தில் வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்ட அனுமதி, மீதி 320 நாளும் வண்டி ஒரே இடத்தில் நிற்கிறது, அப்படி நின்றால் டயர் தரையில் படும் பக்கம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயது டயரை நான் நம்ப மாட்டேன். அப்புறம், இந்த வேனுக்கு வேண்டியது பாரம் தாங்கும் 185ஆர்14சி வகை, சாதா கார் டயர் போட்டால் வண்டி தள்ளாடத்தான் செய்யும்.

அடுத்தது ஜாக்கி. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? சரி, இப்போது வீட்டில் யாரையாவது உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் (சக்கரம் சுழல உதவும் உருளை வளையம்), நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் முனையில் இருக்கும் குண்டு மூட்டு). பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கம்பியின் முனையைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஏன் பலரும் செய்வதில்லையோ தெரியவில்லை.

நீங்கள் சொல்லும் சத்தத்துக்கு என் சந்தேகம் பேரிங் மேல்தான். நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா நிற்கும் வண்டியில் கிரீஸ் காய்ந்து, உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். மாற்றும்போது வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பேரிங்கில் கிரீஸை மேலே பூசினால் போதாது, உள்ளங்கையில் வைத்து அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வாஷர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தள்ளினாலே நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள். இறுக்கமாக விட்டால் சூடேறிக் கருகும். ஒரு பக்க வீலுக்குள் வேகமானி கேபிள் வருகிறது, அந்த வீலின் நடு மூடியைத் தட்டிக் கழற்றும் முன் கேபிளின் சின்ன கிளிப்பைக் கழற்றுங்கள்.

ஓட்டிவிட்டு வந்ததும் ஒரு வீல் மட்டும் கொதிக்கிறதென்றால் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயும் (பிரேக் ஹோஸ்) உள்ளே வீங்கி, பிரேக்கை விடாமல் பிடித்திருக்கலாம்.

பால் ஜாயிண்ட் என்றால் சக்கரத்தைத் தாங்கும் அந்தக் கையை அச்சிலிருந்து கழற்றி ஹைட்ராலிக் பிரெஸ்ஸில் அழுத்தி மாற்ற வேண்டும், வீட்டு வேலை இல்லை, பிறகு சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மெண்டும் பார்க்க வேண்டும். அச்சுக் குழாயே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலோ, அந்தக் கைகள் திரும்பும் பேரிங்குகள் தேய்ந்து குழாயையும் தின்றிருந்தாலோ மட்டும்தான் முழு அச்சு. அந்த ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.