சித்திரைப் பௌர்ணமியைப் பார்த்துத் திறந்த எங்கள் மே மாத விடுமுறை

இளவேனிற் காலச் சடங்குகளில் எவை உங்கள் மே மாத விடுமுறை நினைவுகளோடு கலந்திருக்கின்றன என்ற கேள்விக்கு, மதுரைக்கு வடக்கே அழகர்கோயில் சாலையில், அப்பன்திருப்பதிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் இருந்த என் அம்மாச்சி வீட்டை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்தவர்கள் மதுரை வெயிலில் நின்று பார்த்திருப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரிய சடங்குகள் எல்லாம் அந்த வெயிலில்தான் நடந்தன. அவற்றுக்கு நடுநாயகமாக இருந்தது அழகர்கோயில் பெருமாளான கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்குப் போய் வரும் பயணம்.

பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில் அடைத்து ஜூன் தொடக்கத்தில் திறக்கும். அதில் மாற்றம் அதிகம் இராது. அழகர் வைகை ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியோ ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். சித்திரை என்பது சூரியனை வைத்துக் கணக்கிடும் மாதம், பௌர்ணமி சந்திரனை வைத்து வருவது என்பதால், ஓர் ஆண்டு பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் வரும், இன்னோர் ஆண்டு பத்தொன்பது நாள் வரை பின்னால் தள்ளிப் போகும். அண்மை ஆண்டுகளையே எடுத்துக்கொண்டால், 2022இல் ஏப்ரல் 16, 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 என்று அழகர் ஆற்றில் இறங்கினார். ஏப்ரல் நடுவில் பௌர்ணமி வந்தால் முழுப் பரீட்சை குறுக்கே நிற்கும்; உள்ளூர் விடுமுறை நாளில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். மே மாதத்தில் வந்தால் அந்த விடுமுறைக்கு ஈடே கிடையாது. புதிய தினசரி நாட்காட்டி வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

இத்தனை பெரிய விழா ஏன் இந்தக் கொடும் வெயிலில் நடக்கிறது என்பதற்கு, மன்னர் திருமலை நாயக்கரைக் காரணம் காட்டுவது மதுரை வழக்கம். மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றியவரும், சோழவந்தான் பக்கம் தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரை வைகைக்கு வரவழைத்தவரும் அவரே என்றும், இப்படியாகச் சைவத் திருவிழாவும் வைணவத் திருவிழாவும் ஒன்றாயின என்றும் சொல்வார்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அண்ணன் அழகர் நேரம் தவறி, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்ற கதை மக்கள் சேர்த்துக்கொண்டது. கோயில் மரபுப்படி அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுப்பதற்காகத்தான். எனக்குப் பிடித்த விளக்கம் இவற்றைவிட எளிமையானது. அறுவடை முடிந்து, நெல் வீடு வந்து, நிலம் காய்ந்து கிடக்கும் மாதம் சித்திரை. வண்டி மாட்டுக்கும் வேலை இல்லை, மனிதனுக்கும் வேலை இல்லை, கையில் கொஞ்சம் காசும் இருக்கும். தேர் இழுக்கவும் ஆற்றங்கரையில் மூன்று நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிடவும் குடியானவனுக்கு வேறு எந்த மாதம் தோதுப்படும்?

சித்திரை முதல் நாளன்று பிள்ளைகளுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். முதல் நாள் இரவே வேப்பமரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலைகளிலும் கல் வைத்துவிடுவோம். காலையில் அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் பூவைக் காம்பும் எறும்பும் நீக்கி அள்ளிக் கொடுக்க வேண்டும். நெய்யில் கருக வறுத்த அந்தப் பூ, மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடியில் விழும். அறுசுவையும் வாழ்க்கையில் உண்டு என்பதற்காக அந்தப் பச்சடி என்று பெரியவர்கள் விளக்குவார்கள். நாங்கள் மாங்காயைத் தின்றுவிட்டுப் பூவை இலையோரம் ஒதுக்குவோம். மிச்சமுள்ள பூ, மோரும் உப்பும் சேர்ந்து மொட்டை மாடிக்குப் போய், வத்தலாகி, ஆண்டு முழுவதும் வரும்.

அழகர் வரும் இரவுதான் எங்கள் விடுமுறையின் உச்சம். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று, கொண்டையும் கடுக்கனும் கண்டாங்கிப் பட்டும் வளைதடியுமாகக் கள்ளர் கோலத்தில் மாலையில் புறப்படும் அழகர், பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று சாலையோர ஊர்களில் எல்லாம் நின்று நின்று வந்து, மறுநாள் காலையில்தான் மூன்றுமாவடியில், மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போய்ச் சேருவார். வழியில் அழகரை நிறுத்தி வழிபடும் மண்டகப்படிகள் 400க்கு மேல். எந்த மண்டகப்படிக்கு எப்போது வருவார் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இரவு பத்து மணி என்பார்கள், இரண்டு மணியாகும். அதுவரை சாலையில் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும், அந்தக் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் பானகமும் நீர்மோரும் கொடுப்பது எங்கள் வேலை.

பானகம் கரைப்பது மேற்பார்வைக்கு எளிது. புளியைக் கரைத்து வடிகட்டி, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலக்காயும் பொடித்துச் சேர்த்தால் முடிந்தது என்று தோன்றும். அண்டா அளவுக்கு அதைக் கரைக்கும்போது வெல்லத்தின் மண் அடியில் தங்கும் என்பதால், அகப்பையை அடிவரை விடாமல் மேலாக மொண்டு கொடுக்க வேண்டும் என்பதை அம்மாச்சி ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சொல்லுவார். "வர்றவுக யாரு எவருன்னு கேக்காதீக, குடிச்சு முடிக்கிற வரைக்கும் செம்பைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்பது அவரது இன்னொரு கட்டளை.

வீட்டுப் பெண்களுக்கு உரியது சர்க்கரைச் செம்பு. விளக்கிய பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையைக் கழுத்துவரை நிரப்பி, வாயை வாழையிலைத் துண்டால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டி, பூச் சுற்றி வைப்பார்கள். பல்லக்கின் வெளிச்சம் தொலைவில் தெரிந்ததும் இலையின்மேல் சூடத்தை வைத்து ஏற்ற வேண்டும். முன்னதாக ஏற்றிவிட்டால் அழகர் வந்து சேரும் முன்பே அணைந்துவிடும், பிந்தினால் பல்லக்கு நகர்ந்துவிடும். சூடம் எரிய எரியப் பச்சை இலை சுருங்கிக் கருத்து, ஓரத்தில் ஓட்டை விழுந்து, உருகிய சர்க்கரையின் மணம் எழும்பும். செம்பின் விளிம்பு சுடும் என்பதால் முந்தானையை மடித்து அடியில் பிடித்துக்கொள்வார்கள். அழகர் கடந்தபின் இலையைப் பிரித்து, மேலே கருகியிருக்கும் கட்டியை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பார்கள். கருகிய பகுதிக்குத்தான் அடிதடி நடக்கும். பல்லக்குக்குப் பின்னால் வரிசையாக உருண்டு வரும் உண்டியல் வண்டிகளில், மண் உண்டியலை உடைத்து எடுத்த சில்லறையைப் போடும் உரிமையும் பிள்ளைகளுக்கே உண்டு.

நேர்த்திக்கடன் உள்ளவர்கள் விரதமிருந்து, சலங்கை கட்டி, வண்ண உருமாலும் குல்லாவுமாக வேடமிட்டுத் திரி ஏந்தி ஆடி வருவார்கள்; சிலர் ஆட்டுத்தோல் பையில் நீரை நிரப்பி, சிறு குழல் வழியாக அழகர்மேல் பீய்ச்சுவார்கள். என் மாமா ஒருவர் அப்படி நேர்ந்துகொண்டவர். அவர் தோல் பையை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவதை நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். பிற்காலத்தில் அழுத்தம் மிகுந்த பம்புகளைக் கொண்டுவந்து, சாமி சிலையும் பட்டரும் தடுமாறும்படி அடிக்கத் தொடங்கினார்கள். அதற்குத் தடை வந்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். கோடையில் நடந்து வருபவருக்கு உடம்பு குளிரட்டும் என்று செய்யும் உபசாரத்தில் அவ்வளவு முரட்டுத்தனம் எதற்கு?

ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகளைப் பெரும்பாலும் அழைத்துச் செல்ல மாட்டார்கள்; கூட்டம் அப்படி. தங்கக் குதிரையில் வரும் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்ற செய்தி வானொலி வர்ணனையில் வரும்வரை வீட்டில் யாரும் அடுப்படிக்குப் போக மாட்டார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும். வேறு நிறமாக இருந்துவிட்டால், சென்ற முறை அந்த நிறம் வந்த ஆண்டில் மழை எப்படி இருந்தது என்று திண்ணையில் விவாதம் தொடங்கி, எப்படியோ ஒரு நல்ல பலனில் போய் முடியும். வண்டியூர், தேனூர் மண்டபம், விடிய விடியத் தசாவதாரம், பூப்பல்லக்கு என்று எல்லாம் முடித்து அழகர் மலைக்குத் திரும்பும்போது மீண்டும் எங்கள் சாலை வழியாகத்தான் போவார். அப்போது கூட்டம் குறைவு, பார்வைக்கு வசதி. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் தூங்கி வழிவோம்.

மே 1 தொழிலாளர் தினம் என்பது எங்களுக்கு, பேருந்து நிறுத்தத்தில் செங்கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கும் நாளாகவே அறிமுகம். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகே படித்தேன்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை செல்லும் அந்த நாட்களில் கிணறு வெட்டுவதில்லை, மரம் வெட்டுவதில்லை. கூழ் வத்தல் பிழிவதற்கு மட்டும் அதைவிட நல்ல காலம் கிடையாது. விடியுமுன் கூழ் காய்ச்சி, மாடியில் பழைய சேலையை விரித்து வரிசையாக ஊற்றிவிட்டு, காக்கை விரட்டும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுவார்கள். அரைக்காய்ச்சல் வத்தலுக்கு நாங்கள் காக்கையைவிட மோசமான எதிரிகள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அந்த ஏற்பாடு மாறவே இல்லை. மாலையில் நுங்கு வரும். கட்டை விரலால் மூன்று கண்களையும் தோண்டிக் குடித்தபின், கூந்தல் எனப்படும் வெறும் நுங்குக் காய்கள் இரண்டைக் குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் நுங்கு வண்டி.

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொரோனா ஊரடங்கால் அழகர், கோயில் வளாகத்தை விட்டு வெளியே வரவில்லை. அம்மாச்சி இல்லாவிட்டாலும் பந்தலை இப்போது மாமா மக்கள் நடத்துகிறார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் பார்க்கப் போகிறவர்கள், ஆற்றில் இறங்கும் விடியலுக்கு மதுரையில் நெரிபடுவதைவிட, இரண்டு இரவுகளுக்கு முன்பு கள்ளந்திரிக்கும் கடச்சனேந்தலுக்கும் இடையே ஏதாவது ஒரு மண்டகப்படியில் காத்திருப்பது நல்லது. அழகர் அங்கே நிதானமாக நிற்பார், சர்க்கரைச் செம்பையும் கிட்டத்தில் பார்க்கலாம். தூக்கம் கெடும் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.