ஃபோர் வீல் வண்டியைத் திருப்பும்போது முன்பக்கம் ‘கடக்’ என்கிறது, ஆக்சிலை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

வளைவில் திரும்பினால் முன்னால் கடக் என்று சத்தம், மெக்கானிக் ‘ஆக்சில் போச்சு’ என்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டு, பத்துப் பதில் வாங்கி, அதில் மூன்றுக்குப் பணமும் கட்டியவன் நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘நீ யாருப்பா சொல்றதுக்கு’ என்று கேட்க ஆள் வந்துவிடும். சொந்த வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்துக் கற்றுக்கொண்டது மட்டும்தான் இது.

சத்தம் வரும்போது வண்டி டூ வீலில் (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இருந்ததா, ஃபோர் வீலிலா (நாலும் இழுக்கும் நிலை)? சிரிக்காதீர்கள். திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் அடிக்கும், பின் சக்கரங்கள் அதற்கு உள்ளே சின்ன வட்டத்தில் வரும். லீவர் போட்டு ஃபோர் வீலுக்கு மாற்றும் வண்டிகள் பெரும்பாலானவற்றில் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. முன்னுக்குப் போகும் ஷாஃப்டும் பின்னுக்குப் போகும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். மண்ணில், சேற்றில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழி ஏது? உள்ளே முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் டயர் துள்ளி ‘மடார்’ என்று விடும். கேட்பவருக்கு ஆக்சில் உடைந்த மாதிரியே இருக்கும். லீவரை டூ வீலுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். லீவர் வர மறுத்தால் நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு இறங்கியதும் வந்துவிடும். டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணைந்திருந்தாலும் உள்ளே முழுசாக விலகாமல் மாட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளும் உண்டு. எல்லா நேரமும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் நடுவில் டிஃபரன்ஷியலோ கிளட்சோ இருக்கும், இந்தக் கதை பெரும்பாலும் பொருந்தாது. அதிலும் அந்த நடு டிஃபரன்ஷியலை லாக் போட்டபடி ஓட்டினால் இதே கூத்துதான்.

என் வண்டி டூ வீலிலேயே சத்தம் போட்டது. பழைய வண்டி, முன்னாலும் முழு ஆக்சில், அதாவது இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே கட்டாகச் சேர்த்துப் பிடிப்பது. பார்க்கிங்கில் மெதுவாக ஒடிக்கும்போது ஒரே ஒரு ‘கடக்’. ஸ்டீயரிங்கைத் திரும்ப எடுக்கும்போது இன்னொன்று. காதில் கேட்பதைவிடக் காலடித் தகட்டில் நன்றாகத் தெரியும்.

முதல் ஆள் சக்கரத்தை ஒட்டிய ஆக்சில் ஜாயிண்ட் என்றார், இரண்டு பக்கமும் ஆக்சிலோடு மாற்றினேன். அடுத்தவர் சக்கரம் திரும்புவதற்கான பால் ஜாயிண்ட் என்றார், அதையும் மாற்றினேன். மூன்றாமவர் ஸ்டீயரிங் உதறாமல் தணிக்கும் டேம்பரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் முதல் நாள் சத்தம் குறைந்த மாதிரியே இருந்தது. காசு கொடுத்த காது அப்படித்தான் கேட்கும். நடுவில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டதற்கு, ‘சத்தம் உறுதிப்படவில்லை’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தால் விட்டபோது இருந்த எண் அப்படியே இருக்கிறது. ஓட்டியே பார்க்காமல் எப்படி உறுதிப்படும்? ஆனால் என் சீட்டை மட்டும் கடைசிவரை பின்னால் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ரேடியோவை மாற்றி வைத்திருந்தார்கள். வண்டியை ஓட்டவே ஓட்டாதவருக்கு சீட்டில் என்ன வேலை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சரி, அதை விடுங்கள்.

ஆக்சில் ஜாயிண்ட் சத்தம் போட வேண்டுமென்றால் சக்கரம் உருள வேண்டும். முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் டிக்-டிக்-டிக் என்று வரும், வேகம் கூடக்கூட அதுவும் வேகமாகும். ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் உள்ள வண்டியில் பெரும்பாலும் அது கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். என் வண்டியோ நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘கடக்’ என்றது. உருளாத சக்கரத்தில் ஆக்சில் ஜாயிண்டுக்கு என்ன வேலை? இந்த ஒரு விஷயத்தை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு ஆக்சில் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் அக்கா மகனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓட விட்டு, வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல் தரையில் நின்றபடியே வைத்து, டார்ச்சோடு அடியில் நுழைந்தேன். ‘மாமா, திருப்பவா?’ ‘கொஞ்சமா திருப்புடா, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்.’ ஸ்டீயரிங் கம்பிகளின் முனையிலுள்ள டை ராட் எண்டுகளைப் பார்த்தேன், ஆடவில்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உறுதியாக இருந்தது. பான்ஹார்ட் ராடுக்கு வந்தேன். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்து வைத்திருக்கும் கம்பி அது. ஆக்சில் பக்க முனையில் போல்ட் தலையைச் சுற்றி எல்லாம் சேறு அப்பியிருக்க, ஓர் ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் இரும்பு பளபளத்தது. அதற்குக் கீழே செம்பழுப்பாய்த் தூள். அவன் திருப்பியதும் போல்ட் மயிரிழை நகர்ந்து ‘கடக்’. திரும்ப எடுத்தான், மறுபடியும் ‘கடக்’. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

போல்ட்டை முறுக்கியதோடு முடியவில்லை. லூசாகவே ஓடியதில் போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. தடித்த வாஷர் தகடு வைத்து வெல்டிங் செய்து, சரியான அளவில் புது போல்ட் போட்டோம். அதை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் இறக்கியதும் கம்பி முனையிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

உங்கள் வண்டியில் முன்னால் முழு ஆக்சில் இல்லாமல் தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் பான்ஹார்ட் ராடே இருக்காது, தெரியும், ஞாபகப்படுத்த வராதீர்கள். அதில் நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங்மேல் கையை லேசாக வையுங்கள். ‘டொய்ங்’ என்று உதறினால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) உச்சியிலுள்ள பேரிங். விரலை ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் விடாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது கடகடத்தால், வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் லிங்க் ராட். பிரேக்கை லேசாக மிதித்தபடி திருப்பினால் சத்தம் நிற்கிறது என்றால் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைப் பாருங்கள். சக்கரத்தைச் சமீபத்தில் கழற்றினீர்கள் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டைப் பாருங்கள். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுவும் இதே மாதிரிதான் சத்தம் போடும், அதில் சக்கரமே கழன்றுவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்டீயரிங்கில் இருப்பவர் நீங்கள் சொன்னால் மட்டும் திருப்புகிறவராக இருக்க வேண்டும்.

நின்றபடி திருப்பினால் வருகிறதா, உருண்டால்தான் வருகிறதா? அதை இன்றைக்கே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆக்சில் ஆர்டர் அதுவரை காத்திருக்கட்டும்.