கொல்கத்தா டெர்பிக்கு ஏன் இவ்வளவு வெறி? வெளியூர்க்காரர் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாமா?

கொல்கத்தா டெர்பி என்பது அந்த ஊரின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகளான மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் ஆட்டம். வேலை நிமித்தம் சில வருடங்கள் கொல்கத்தாவில் இருந்தேன். குடியிருந்தது ஜாதவ்பூர் பக்கம். நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் காலனி காலனியாகக் குடியேறிய பகுதி அது. அதனால் எனக்கு ஈஸ்ட் பெங்கால் பக்கம் ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோகன் பகான் ஆட்கள் கமெண்டில் வந்து திட்டிக்கொள்ளலாம்.

இந்தப் போட்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே விளக்கம்தான் வரும். மேற்கு வங்கத்திலேயே பரம்பரையாக இருப்பவர்கள் 'கோட்டி', அவர்களுக்கு மோகன் பகான். இன்றைய வங்கதேசத்துப் பக்கம் வேர் உள்ளவர்கள் 'பாங்கால்', அவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். இதில் பொய் ஒன்றும் இல்லை. இலிஷ் விலையைப் பார்த்தால் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று எங்கள் மாடி வீட்டு தாதா (வங்காளத்தில் அண்ணன்) சொல்வார். அவர் மோகன் பகான்.

ஆனால் இந்த விளக்கம் மட்டும் போதாது. மோகன் பகான் 1889-இல் தொடங்கிய கிளப். 1911-இல் ஒருவர் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற ஆங்கிலேயப் படை அணியை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையை வாங்கியபோது அதைக் கொண்டாடியதில் இரண்டு வங்கமும் சேர்த்திதான். ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-இல், பிரிவினைக்கு 27 வருடம் முன்னால். மோகன் பகானுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் ஜோராபகான் என்ற கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அணியில் சேர்க்கவில்லை. அதில் மனம் வெறுத்துப் பிரிந்தவர்கள் ஆரம்பித்ததுதான் ஈஸ்ட் பெங்கால். அதைவிட வேடிக்கை, மோகன் பகான் ரசிகர்கள் குலசாமி மாதிரி வைத்திருக்கும் கோஷ்ட பால், சுனி கோஸ்வாமி இருவருமே கிழக்கு வங்கத்தில் பிறந்தவர்கள். ஈஸ்ட் பெங்கால் 'பஞ்ச பாண்டவர்' என்று இன்றும் கொண்டாடும் அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. எல்லாரும் தென்னாட்டுக்காரர்கள்.

அப்புறம் எது இதை நூறு வருடமாக ஓட்டுகிறது? வாங்கிய அடியை மறக்காத குணம்தான் என்பது என் கட்சி. ஜெயித்ததைவிட தோற்றதைத்தான் அங்கே வீட்டுக்கு வீடு பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லி வளர்க்கிறார்கள்.

1975 செப்டம்பர் 30, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. அடுத்த ஜென்மத்தில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு இளம் ரசிகர் உயிரையே விட்டார். இதைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அந்த 'ஐந்து' எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது அதில் தெரிகிறது. அடுத்த வருடமே லீக் ஆட்டத்தில் மோகன் பகானின் அக்பர் 17-ஆவது நொடியில் கோல் போட்டார், ஜெயித்தார்கள். அப்படியும் கணக்கு தீரவில்லை. ஐந்துக்கு ஐந்து வேண்டும். அது வர 34 வருடம் ஆனது. 2009 அக்டோபர் 25 அன்று சிடி என்ற நைஜீரிய வீரர் ஒருவரே நான்கு கோல் போட, மோகன் பகான் 5-3 என்று ஜெயித்தது. தீர்ந்ததா என்றால், "நாங்கள் மூன்று போட்டோமே, நீங்கள் அன்றைக்கு முட்டைதானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் எங்கள் ஜாதவ்பூர் ஆட்கள்!

நடுவில் 1997 ஜூலை 13 இருக்கிறது. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் 'டைமண்ட்' வியூகத்தை வெல்ல ஆளே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. தத்தா ஆட்டத்துக்கு முன்னாலேயே எதிரணி ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்தார். அப்படிக் கிண்டலுக்கு ஆளானவர்களில் ஒருவரான பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

எனக்கு நெருக்கமானது வேறு ஒரு ஆட்டம். 2019 ஜனவரிக்குப் பிறகு நாலரை வருடம் ஈஸ்ட் பெங்கால் ஒரு டெர்பிகூட ஜெயிக்கவில்லை. வரிசையாக எட்டுத் தோல்வி. இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்.-இல் இரண்டு கிளப்பும் மோதிய முதல் டெர்பியே 2020 நவம்பரில் கோவாவில், கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில் நடந்தது. மோகன் பகான்காரர்களுக்கோ வேறு துக்கம். ஏ.டி.கே. என்ற இன்னொரு கொல்கத்தா கிளப்போடு சேர்ந்ததில் கிளப் பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. ஜெயித்த நாளிலும் அதை எடு என்று கோஷம் போட்டார்கள். 2023-இல் எடுத்தும் விட்டார்கள்.

அதே 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை. 60-ஆவது நிமிடம் வலது ஓரத்திலிருந்து பந்தை உள்ளே வெட்டிக் கொண்டுவந்து இடது காலால் வளைத்து கோல் போட்டது நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். 1-0. அவ்வளவுதான், வறட்சி தீர்ந்தது. அதுவரை என்னை 'மதராஸி' என்று கூப்பிட்ட டீக்கடைக்காரர் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. மூன்று வாரத்தில் அதே கோப்பையின் இறுதியாட்டத்தில் பத்துப் பேரோடு ஆடிய மோகன் பகான் 1-0 என்று திருப்பிக் கொடுத்தது. மாடி வீட்டு தாதா மெனக்கெட்டு இறங்கி வந்து இறால் கொடுத்துவிட்டுப் போனார்.

வெறி என்று கேட்டிருக்கிறீர்கள், அதன் இருட்டையும் சொல்லவேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த டெர்பியில் கேலரிக் கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்தார்கள். 2012 டிசம்பரில் கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபி முகத்தைப் பதம் பார்த்தது, ஆட்டம் பாதியில் நின்றது.

ஆனால் பங்காளிச் சண்டை போலத்தான் இதுவும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டெர்பியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ஆட்டம்தான் இல்லையே என்று யாரும் வீட்டில் உட்காரவில்லை. இரண்டு ஜெர்சியும் கலந்து மைதானத்துக்கு வெளியே நீதி கேட்டு நின்றார்கள். ஊரின் இன்னொரு பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து சேர்ந்தார்கள். போலீஸ் தடி எடுத்தபோது யார் கோட்டி, யார் பாங்கால் என்று பார்த்து அடிக்கவில்லை.

நேரில் போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். சால்ட் லேக் ஸ்டேடியம் என்ற பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது எந்த அணிக்கான கேலரி என்று பார்த்து எடுங்கள், இரு பக்கத்துக்கும் வாசலே வேறு வேறு. தெரியாத்தனமாக ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் சட்டையோடு மோகன் பகானின் பச்சை-மெரூன் கூட்டத்துக்குள் போய் உட்காராதீர்கள். எந்தப் பக்கமும் இல்லையென்றால் வெள்ளைச் சட்டை உத்தமம். ஆட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள், அதுவரை மெட்ரோவில் கால் வைக்கவும் இடம் இருக்காது.