வியாழக்கிழமைக் காலண்டர் தாள்கள்: பைகார்னுவேட் கர்ப்பப்பையோடு என் கர்ப்பகாலம்

கேள்வி: எனக்கு 27 வயது, 11 வாரக் கர்ப்பம். கர்ப்பப்பை இரண்டு கொம்பாக, பைகார்னுவேட்டாக இருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். குழந்தை தங்குமா? எப்படிச் சமாளிப்பது? மாமியார் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எனக்கும் அதே கர்ப்பப்பைதான். என் மகளுக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. ஆனால் அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளையை இழந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் பதில் உங்களுக்குப் பயன்படும்.

முதல் கர்ப்பம் 2017-ல். ஊர் கும்பகோணம். ஆரம்ப ஸ்கேன்களில் எல்லாம் நார்மல் என்றே எழுதியிருந்தார்கள். 19-வது வாரம், ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் இடுப்பு வலித்தது. அசதியாக இருக்கும் என்று வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுத்தேன். வலி விட்டு விட்டு வந்தது. விட்டு விட்டு வரும் இடுப்பு வலி என்றால் உடனே ஓட வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லாத மார்பில் பால் வரும் என்பதும் எனக்குப் புதிது. பக்கத்து வீட்டு அக்கா, பால் வற்றட்டும் என்று மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டிவிட்டார். உடம்புச் சூட்டில் பூ சீக்கிரமே பழுப்பாகிவிடும். அவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த சரத்தை எடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வாரம் எனக்கு ஆறுதல் என்று இருந்தது அவருடைய கை மட்டும்தான்.

பத்தாவது நாளே வேலைக்குப் போய்விட்டேன். கருச்சிதைவுக்குப் பிறகு சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு என்று அப்போதைய மகப்பேறு உதவிச் சட்டத்திலேயே இருந்தது. நான் வேலை பார்த்த நிறுவனம் அதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து தஞ்சாவூரில் வேறொரு டாக்டரைப் பார்த்தோம். 3டி ஸ்கேன், அப்புறம் எம்ஆர்ஐ. பைகார்னுவேட் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். மேல்பக்கம் நடுவில் குழி விழுந்த ஒரு இதயம், கீழே ஒரே வாய். தாயின் வயிற்றில் பெண் சிசு வளரும்போது கர்ப்பப்பை முதலில் இரண்டு குழாயாகத்தான் உருவாகுமாம். அப்புறம் இரண்டும் ஒட்டி ஒரே பையாக வேண்டும். எனக்கு மேல்பாதி ஒட்டாமல் நின்றுவிட்டது. “நீ உன் அம்மா வயித்துல இருந்தப்பவே முடிஞ்சுபோன விஷயம்மா. நீ சாப்பிட்டதாலயும் இல்ல, ஸ்கூட்டி ஓட்டினதாலயும் இல்ல” என்றார். நானும் அதைத்தான் தினமும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கர்ப்பப்பையின் வடிவம் எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்வது. ‘கர்ப்பப்பையில் கோளாறு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் பல வகை இருக்கிறது. வெளியில் பை சரியாக இருந்து, உள்ளே மட்டும் நடுச்சுவர் இருந்தால் செப்டேட். வெளியிலேயே பிளவு இருந்தால் பைகார்னுவேட். ஒரு பக்கம் மட்டும் வளர்ந்திருந்தால் யூனிகார்னுவேட். இரண்டு பையும் இரண்டு வாயுமாகத் தனித்தனியே இருந்தால் டைடெல்பிஸ். சாதாரண ஸ்கேனில் முதல் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து குழப்பும். பையின் வெளி விளிம்பைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும், அதற்கு 3டி ஸ்கேன் உதவும். இந்த வித்தியாசம் முக்கியம். நடுச்சுவராக இருந்தால் கர்ப்பம் இல்லாத நேரத்தில் உள்ளே கேமரா விட்டு வெட்டி எடுக்கும் வழி உண்டு. அதில் எவ்வளவு பலன் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் இருக்கிறது. பைகார்னுவேட்டுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தேவைப்படாது. இன்னொன்று, சிறுநீரகமும் கர்ப்பப்பையும் உருவாகும் காலமும் இடமும் ஒட்டியே இருப்பதால் சிலருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் இரண்டு சிறுநீரகங்களையும் ஸ்கேனில் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

நூறு பெண்களில் சுமார் 5 பேருக்கு இப்படி ஏதோ ஒரு வடிவ மாறுபாடு இருக்கும் என்கிறார்கள். பலர் பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, கடைசிவரை தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

2019-ல் மறுபடி கர்ப்பம். குழந்தை இடது கொம்பில் உட்கார்ந்திருந்தது. எட்டாவது வாரம் ரத்தப்போக்கு. போச்சு என்றே நினைத்தேன். ஸ்கேனில் நெஞ்சுத்துடிப்பு நன்றாக இருந்தது. காலியாக இருக்கும் கொம்பிலும் கர்ப்பத்துக்கான உள்சவ்வு தடிக்கும், சிலருக்கு அதிலிருந்து இப்படி ரத்தம் கசியும் என்று டாக்டர் விளக்கினார். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், இதைப் படித்த தைரியத்தில் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ரத்தம் எந்தக் கொம்பிலிருந்து வருகிறது என்பதை ஸ்கேன்தான் சொல்ல முடியும்.

நம் மாதிரிக் கர்ப்பத்தில் கவனிக்க வேண்டியவை என்று டாக்டர் என்னிடம் சொன்னவை: கரு கலைவது, கர்ப்பப்பை வாய் முன்கூட்டியே திறப்பது, குறைமாதப் பிரசவம், இடம் போதாமல் குழந்தையின் வளர்ச்சி குறைவது, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்தே இருப்பது. கேட்கும்போது அடிவயிறு கலங்கும். ஆனால் ஒவ்வொன்றையும் பார்ப்பதற்கு ஒரு வாரக் கணக்கும் ஒரு கருவியும் இருக்கின்றன. இது புரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இவற்றில் நீங்கள் விடவே கூடாதது கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளக்கும் ஸ்கேன். ஏறக்குறைய 16-வது வாரத்திலிருந்து 24-வது வாரம் வரை, உங்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுப்பார்கள். இதை வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதைவிட உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவு தரும். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் முதல் தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐந்து நிமிடம், வலி கிடையாது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் வாயை அழுத்தி, உள்ளதைவிட நீளமாகக் காட்டிவிடும்.

எனக்கு 16-வது வாரம் 34 மில்லிமீட்டர். டாக்டர் சிரித்தார். 18-ல் 30. இருபதாவது வாரம் 23. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. 25-க்குக் கீழே போனால் குட்டை என்று கணக்கு. எனக்கு ஏற்கெனவே ஐந்தாம் மாதத்தில் இழப்பு இருந்ததால் அன்றே அட்மிஷன், மறுநாள் காலை வாயில் தையல். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்தார்கள். பையின் வாயைச் சுருக்குப்பை மாதிரி நூலால் இழுத்துக் கட்டுவதுதான். இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டு டாக்டர் ஷிரோத்கர், பம்பாயில், 1955-ல். அதைக் கேட்டபோது ஏனோ ஒரு தெம்பு வந்தது. கூடவே இரவில் உள்ளே வைத்துக்கொள்ளும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் கொடுத்தார்கள். பைகார்னுவேட் என்பதற்காக எல்லோருக்கும் தையல் போடுவதில்லை. வாய் நீளமாகவே இருந்தால் தேவையே படாது. ‘தையல் போட்டுவிடலாமா’ என்று நாமாகப் போய்க் கேட்பதைவிட ‘இன்றைக்கு வாய் எத்தனை மில்லிமீட்டர்’ என்று கேளுங்கள்.

தையல் போட்டு வந்ததும் வீட்டில் என்னைக் கட்டிலோடு கட்டிப்போடாத குறை. கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தினார்கள். நான்காம் நாள் கெண்டைக்கால் வலிக்க, பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தால் அவர் கோபித்துக்கொண்டார். முழு நேரமும் படுத்துக் கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மாறாகக் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும் என்றார். வீட்டுக்குள் நடக்கலாம், உட்கார்ந்து காய் நறுக்கலாம், குடம் தூக்க வேண்டாம், நீண்ட பஸ் பயணம் வேண்டாம். அவ்வளவுதான். தாம்பத்தியம் வேண்டாம் என்பதையும் அவரே என் கணவரிடம் நேராகச் சொல்லிவிட்டதால் எனக்குச் சங்கடம் இல்லாமல் போயிற்று.

இப்போது வீட்டில் சொல்வது பற்றி. சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து, ஆனால் கையில் ஒரு படத்தோடு. என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, முதலில் அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் போனில் தன் தங்கையிடம், “பையே கோணலாம், என்னத்தச் சொல்ல” என்று அவர் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அந்த ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். வெகு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் உன் வீட்டுக்காரருக்கு முன்னால ரெண்டு அஞ்சாம் மாசத்துல போச்சு. தோஷம்னு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனாங்க. ஒருத்தரும் படம் போட்டுச் சொல்லல” என்றார். அவருக்கு என்ன காரணமோ, யாருக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அவர் என் பக்கம்.

எனக்கு வியாழக்கிழமைதான் வாரம் மாறும். தினசரி காலண்டரில் வியாழன் தாளைக் கிழித்து, பின்னால் பென்சிலால் 21, 22 என்று எழுதி பீரோவில் வைப்பது அத்தையின் வேலை ஆயிற்று. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு நான் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவரே போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்து, வயிற்றில் மெதுவாகத் தடவிவிட்டார். மருந்தை நிறுத்தச் சொல்லாத எந்த நம்பிக்கைக்கும் நான் இடம் கொடுத்தேன். வளைகாப்பை வீட்டோடு முடித்தோம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

என் வயிறு இடது பக்கம்தான் புடைத்திருந்தது. உதையும் அந்தப் பக்கம் மட்டும்தான். தலை கடைசிவரை கீழே வரவில்லை, என் இடது விலாவுக்கு அடியில் தேங்காய் மாதிரி உருண்டு நின்றது. நம் மாதிரிப் பையில் இடம் குறைவு என்பதால் வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கும் முயற்சியைச் செய்யவில்லை.

2020 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், 32 வாரம் தாண்டியிருந்தபோது, வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டது. இந்த முறை நான் வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக்கான துணிப்பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது, தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டோம். குழந்தையின் நுரையீரல் பலப்பட ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இந்த ஊசிக்கு வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும், முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு நாள். அதனால்தான் சீக்கிரம் போவது முக்கியம் என்கிறேன். வலி அடங்கியது. ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். 34 வாரமும் 2 நாளும் ஆனபோது பனிக்குடம் உடைந்தது. சிசேரியன், அப்போதே தையலையும் எடுத்துவிட்டார்கள். 1 கிலோ 900 கிராம். பூனைக்குட்டி மாதிரி அழுதாள்.

பன்னிரண்டு நாள் பச்சிளம் குழந்தைகள் வார்டில் இருந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து கங்காரு முறையில் என் நெஞ்சில் தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 2017-ல் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டிய அதே இடத்தில்.

நீங்கள் இப்போதே செய்து வைக்க வேண்டிய சில விஷயங்கள். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்குப் பதிவு செய்யுங்கள், அரசு மருத்துவமனையாக இருந்தாலும் சரி. கடைசி நேரத்தில் குழந்தையை மட்டும் வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பும் நிலை வரக் கூடாது. ரத்தம், நீர்க்கசிவு, விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, கீழே அழுத்துவதுபோன்ற பாரம், அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. வேலைக்குப் போகிறவர் என்றால், முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு, அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம், மருத்துவச் சான்று வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

குழந்தை தங்குமா என்று கேட்டிருந்தீர்கள். அதை உங்கள் ஸ்கேனைப் பார்க்கும் டாக்டர்கூட இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வடிவத்தோடு நிறையப் பேர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள், பலர் நிறைமாதத்திலேயே. உங்களுக்கு முன் இழப்பு எதுவும் இல்லையென்றால் என்னைவிட நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். இனி 16-வது வாரத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. அந்த ஸ்கேனுக்கு இன்றே தேதி வாங்கி வையுங்கள். எடுத்ததும் எத்தனை மில்லிமீட்டர் என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.